பேரீச்சம்பழத்துக்குத் தப்பிய பிழியற மெஷின்!

‘பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழோம்ம்ம்..!’

இந்தக் குரல் ஞாபகம் இருக்கா ஃப்ரெண்ட்ஸ்? எங்க திருவள்ளூர் தெருக்களில் இப்போ மினி வேனில் ஸ்பீக்கர் கட்டி, ரெக்கார்ட் பண்ணின குரலை ஓடவிடுறாங்க. பேரீச்சம்பழத்துக்குப் பதிலா காசு கொடுக்கிறாங்க. மற்றபடி மேட்டர் அதேதான். வீட்டில் எதெல்லாம் ‘இனிமே ஆகாது’ என்று முடிவாகிறதோ, அதெல்லாம் அந்த வேனில் ஏறும்.

போன செமஸ்டர் லீவில் அப்படி ஏறியது எங்க வீட்டு வாஷிங் மெஷின். அது எங்கேதான் போகுதுன்னு யோசிச்சுக்கிட்டே கும்மிடிப்பூண்டி பக்கம் போன இடத்தில், வாஷிங் மெஷின்களுக்கெல்லாம் பாட்டி ஒருத்தியைச் சந்திச்சேன். அவ கதைதான் இது.

போர்டு போச்சு தம்பி!

எங்க வீட்டில் இருந்தது ஃபுல்லி ஆட்டோமேட்டிக். ஏழு வருஷ சர்வீஸ். ஒருநாள் பாதி துவைச்சுக்கிட்டு இருக்கும்போதே ‘பீப்... பீப்...’ என்று அழுதுட்டு அமைதியாகிடுச்சு. வந்த மெக்கானிக் அண்ணன் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு, சினிமா டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

“போர்டு போச்சு தம்பி. மோட்டார், டிரம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாடலுக்கு இப்போ போர்டு வர்றதில்லை.”

மோட்டார் ஓகே. டிரம் ஓகே. உள்ளங்கை அளவு போர்டு ஒண்ணு போனதுக்கு மொத்த மெஷினும் காலி! ‘மெக்கானிக்கல் தேர்டு இயர்’ என்று வீட்டில் பீத்திக்கிட்டுத் திரிகிற எனக்குச் செம அவமானம். ஸ்க்ரூ டிரைவரோடு ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். போர்டு மேலே ஊத்தி வெச்சிருந்த ஜெல்லைச் சுரண்டினதுதான் மிச்சம்.

புது மெஷின் வர்ற வரைக்கும் பழையபடி துவைக்கிற கல்தான். அம்மா துவைக்க, நான் அலச... போர்வை வந்ததும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு எதிரெதிர்ப் பக்கமா முறுக்கினோம். ஒவ்வொரு வீட்டு மொட்டை மாடியிலும் நடக்கிற கூத்துதான். ஆனா மூணாவது போர்வையில் அம்மா பிடியை விட்டுட்டு, மணிக்கட்டை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க.

“துவைக்கிறதுகூடப் பெரிசில்லடா. இந்தப் பிழியறதுதான் உசிரை எடுக்குது!”

அந்த வார்த்தை மட்டும் மண்டையில் ஒட்டிக்கிச்சு.

வண்ணாரப்பேட்டை வழியா ஒரு பயணம்

அடுத்த வாரமே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எனக்கு இன்ப்ளான்ட் ட்ரெய்னிங். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான். ஆனா ரயிலில் போகணும்னா சென்னைக்குள்ள வந்து, பீச்சில் இறங்கி, வேற லைன் மாறணும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுத்துற கதை!

பீச்சில் கிளம்பின வண்டி ராயபுரம் தாண்டினதும் வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன். கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து துணி ஏற்றுமதி பண்ணின காலத்தில், அந்தத் துணிகளை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்ததால் வந்த பேர். ஒரு ஏரியாவுக்கே பேர் வர்ற அளவுக்குத் துவைச்சிருக்காங்க. அத்தனையையும் கையால பிழிஞ்சிருக்காங்க! அம்மாவோட மணிக்கட்டு ஞாபகம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை... கடைசியில் கும்மிடிப்பூண்டி. இங்கே இருக்கிற தொழிற்சாலைகளில் இரும்பு உருக்குற ஃபர்னஸும் ரோலிங் மில்லும் நிறைய. லாரி லாரியா ஸ்க்ராப் வரும். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் சுமார் 1,600 டிகிரி சூட்டில் கஞ்சியா உருகும். உருகினது பில்லட் ஆகும். தகதகன்னு சிவந்த பில்லட் ரெண்டு உருளைக்கு நடுவே நசுங்கி, அடுத்த ஜோடி உருளையில் இன்னும் நசுங்கி, கடைசியில் நீளமா டி.எம்.டி. கம்பியா வெளியே வரும். ‘மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி’ பேப்பரில் ரோலிங் பற்றி ரெண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். நேரில் பார்த்தப்போதான் வாயைப் பிளந்தேன்.

ஸ்க்ராப் யார்டில் நசுக்கிக் கட்டின தகரக் கட்டுகள் மலை மாதிரி கிடந்துச்சு. அதில் ஒரு கட்டில் வெள்ளை பெயின்ட்டும் ஒரு வட்டக் கதவோட வளையமும் தெரிஞ்சுது. எந்த வீட்டு மெஷினோ! எங்க வீட்டு மெஷினும் இப்படித்தான் எங்கேயோ ஒரு அபார்ட்மென்ட் தூணுக்குள்ளே கம்பியா நிக்கப் போகுது. ‘மறுபிறவி’ன்னா இதுதான் போல.

ரப்பர்ல எவனாவது கரும்பு பிழிவானா?

மூணாவது நாள் சாயங்காலம். டீ குடிக்க ஹைவே பக்கம் நடந்தோம். டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு காயலான் கடை. வாசலில் எம்.எஸ். தனி, எஸ்.எஸ். தனி, அலுமினியம் தனி, காஸ்டிங் தனி என்று குவிச்சு வெச்சிருந்தாங்க. காஸ்டிங் குவியல் உச்சியில் ஒரு விநோத ஜந்து. வார்ப்பு இரும்பு ஃப்ரேம். அதுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு உருளை. பக்கவாட்டில் கைப்பிடி. தலைமேல் ஒரு பெரிய திருகு.

“அண்ணே, இது கரும்பு ஜூஸ் மெஷினா?”

கடைக்காரப் பெரியவர் சிரிச்சார். “நானும் அப்படித்தான்பா நெனைச்சேன். ஆனா உருளையப் பாரு. ரப்பரு! ரப்பர்ல எவனாவது கரும்பு பிழிவானா? மெட்ராஸ்ல ஏதோ பழைய பங்களாவ இடிச்சப்ப வந்த சாமான்.”

லாஜிக்! ரப்பர் உருளையில் கரும்பைக் கொடுத்தா ரப்பர்தான் பிழிஞ்சு போகும். அப்போ மெத்துன்னு இருக்கிற எதையோ பிழியத்தான் இது. துருவை விரலால் துடைச்சேன். பாதி அழிஞ்ச எழுத்தில் ‘எரீ, பி.ஏ.’ என்று இருந்துச்சு. “மச்சி, மெஷின் பி.ஏ. படிச்சிருக்குடா!” என்றான் கூட வந்தவன். போனில் தேடினதும்தான் விஷயம் புரிஞ்சுது. பி.ஏ. என்பது டிகிரி இல்லை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தோட சுருக்கம். அங்கே எரீ என்ற ஊரில் இருந்த லவல் கம்பெனி, துணி பிழியும் உருளைகளைத் தயாரிச்சது. பல வாஷிங் மெஷின் பிராண்டுகளுக்குத் தலையில் வைக்கிற உருளையை சப்ளை பண்ணினதும் அதே கம்பெனிதான்.

அதாவது, என் கையில் இருந்தது ஒரு ‘ரிங்கர்’. துணியை ரெண்டு உருளைக்கு நடுவே கொடுத்துத் தண்ணியைப் பிழிகிற கருவி. அம்மாவின் மணிக்கட்டுப் பிரச்னைக்கு எப்பவோ கண்டுபிடிச்சு வெச்ச பதில்!

“என்ன விலைண்ணே?”

“காஸ்டிங் கிலோ முப்பத்தஞ்சு. போட்டுப் பாரு.”

பத்து கிலோ காட்டுச்சு தராசு. 350 ரூபாய். என் பர்ஸில் 120. “நாளைக்கு வந்து எடுத்துக்கறேனே?” என்றதும், “இன்னும் அரை மணி நேரத்துல ஃபவுண்டரிக்கு லோடு கெளம்பிடும் தம்பி” என்றார். போனில் பணம் அனுப்பவா என்றால், தலையை ஆட்டிட்டார். அவருக்கு ரொக்கம்தான். கூட வந்த நாலு பேர் பர்ஸையும் கவிழ்த்து, டீ, பஜ்ஜியைத் தியாகம் பண்ணி 340 தேறுச்சு. “பத்து ரூபா போனாப் போவுது, எடுத்துட்டுப் போ” என்றார் பெரியவர். லாரியில் ஆட்கள் மீதிக் குவியலை அள்ளிப் போட ஆரம்பிச்சிருந்தாங்க. அந்தச் சத்தம் கேட்டப்போதான், என்ன காரியம் பண்ணியிருக்கோம்னே உறைச்சுது.

தலையில் உருளை, வயிற்றில் மோட்டார்

இப்போ கொஞ்சம் ஹிஸ்டரி பீரியட். தூங்கிடாதீங்க பாஸ்!

என்னுடையது கையால் சுற்றுகிற ரிங்கர். தொட்டி விளிம்பிலோ பெஞ்சிலோ மாட்டிக்கலாம். இதுக்கு அடுத்த தலைமுறைதான் முழு ரிங்கர் வாஷிங் மெஷின். மூணு நாலு கால்களில் நிற்கிற ஒரு பெரிய தொட்டி. நடுவில் துணியைக் கலக்குகிற அஜிடேட்டர். தொட்டிக்குக் கீழே மோட்டார். தலைக்கு மேலே, அதே மோட்டாரில் ஓடுகிற ரெண்டு ரப்பர் உருளை.

துணி துவைஞ்சதும், கையால் எடுத்து உருளை நடுவே கொடுக்கணும். பிழிஞ்ச சோப்புத் தண்ணி திரும்பவும் தொட்டிக்குள்ளேயே விழும். துணி தட்டையா அந்தப் பக்கம் அலசுற தொட்டியில் விழும். பிறகு ரிங்கரை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, அலசினதை மறுபடி பிழியலாம். தலைமேல் இருக்கிற திருகை இறுக்கினா அழுத்தம் கூடும், தளர்த்தினா குறையும். அவ்வளவுதான் டெக்னாலஜி. நம்ம ரோலிங் மில் தத்துவமேதான். அங்கே இரும்பு மெலிஞ்சு நீளும். இங்கே தண்ணி வெளியேறும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊர். அங்கே 1893-ல் விவசாயக் கருவிகள் செய்ய ஆரம்பிச்ச மேடாக் கம்பெனி, 1907-ல் வாஷிங் மெஷினில் இறங்குச்சு. (நம்ம கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு பிறந்ததும் அதே 1893-தான்!) 1922-ல், அடியில் அஜிடேட்டர் வெச்ச ‘கைராஃபோம்’ மாடல் வந்து சக்கைப்போடு போட்டுச்சு.

1930-களின் தொடக்கத்தில் அங்கே பத்தில் ஒரு பண்ணை வீட்டில்தான் கரன்ட். அப்போ மெஷினை எப்படி ஓட்டுவாங்க? தொட்டிக்குக் கீழே பெட்ரோல் இன்ஜின்! காலால் பெடலை உதைச்சு ஸ்டார்ட் பண்ணணும். நீளமான குழாய் வழியா புகை வீட்டுக்கு வெளியே போகும். புல்லட் கிக்கரை உதைக்கிற மாதிரி உதைச்சு, ‘டப டப டப’ன்னு துணி துவைச்சிருக்காங்க. கற்பனை பண்ணிப் பாருங்க... செம கெத்து!

பிரிட்டனில் வேற ரூட். 1948-ல் வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் ஹூவர் கம்பெனி தொழிற்சாலை திறந்து, சின்னதா ஒரு மெஷினை விட்டுச்சு. துவைக்கிறது மோட்டார், பிழியறது கை. வேலை முடிஞ்சதும் ரிங்கரைத் தொட்டிக்குள்ளேயே மடிச்சு வெச்சு மூடிடலாம். சின்ன சமையலறைக்கு ஏத்த ஐடியா.

இதில் ஆச்சர்யம் என்னன்னா, ஆட்டோமேட்டிக் மெஷின் 1937-லேயே வந்துடுச்சு. பெண்டிக்ஸ் கம்பெனி தயாரிப்பு. ஆனாலும் மேடாக் தன் ரிங்கர் மெஷினை 1983 வரைக்கும் தயாரிச்சிருக்கு. 46 வருஷம் புதுசு கூட பழசு போட்டி போட்டிருக்கு! காரணம் சிம்பிள். விலை குறைவு. ரிப்பேர் ஆனா வீட்டிலேயே சரி பண்ணலாம். தண்ணி மிச்சம். ஒரே சோப்புத் தண்ணியில் முதலில் வெள்ளைத் துணி, பிறகு கலர், கடைசியில் வேலைக்குப் போட்ட அழுக்குத் துணி. நம்ம ஆயாக்கள் ஒரு வாளித் தண்ணியை வெச்சுச் செய்யற அதே கணக்கு. 2019 கோடையில் எங்க மாவட்டத்துப் பூண்டி ஏரி வறண்டு கிடந்ததைப் பார்த்தவங்களுக்கு அந்தக் கணக்கோட அருமை புரியும்.

நம்ம ஊரில் ரிங்கர் மெஷினை ஏன் அதிகம் பார்க்க முடியலைன்னும் இப்போ புரிஞ்சிருக்குமே! 1980-களின் கடைசியில்தான் வாஷிங் மெஷின் நம்ம நடுத்தர வீடுகளுக்குள் வர ஆரம்பிச்சுது. அதுக்குள்ள ரிங்கர் காலம் முடிஞ்சிருந்துச்சு. நாம துவைக்கிற கல்லிலிருந்து நேரா ட்வின் டப்புக்கு ஜம்ப் பண்ணிட்டோம். நடுவில் ஒரு படியே இல்லை.

மேடாக் கதையோட க்ளைமாக்ஸ்: 2006-ல் அந்தக் கம்பெனியை வேர்ல்பூல் வாங்கிடுச்சு. அடுத்த வருஷமே நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டுச்சு. வேர்ல்பூல் பேரில் ஒரு வாஷிங் மெஷின் தொழிற்சாலை நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கு. மெர்தர் டிட்ஃபில் ஹூவர் தொழிற்சாலையிலும் 2009-ல் தயாரிப்பு நின்னுபோச்சு.

காருக்கு மியூசியம்... இதுக்கு?

இதையெல்லாம் சேர்க்கிறதுக்கும் ஆட்கள் இருக்காங்களா? இருக்காங்க. லீ மேக்ஸ்வெல் என்பவர் அமெரிக்காவில் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் புரொஃபசராக இருந்தவர். 1980-களில் ஒரு பழைய மெஷினில் ஆரம்பிச்சு, கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாஷிங் மெஷின்களைச் சேர்த்து மியூசியமே வெச்சார். கின்னஸிலும் இடம்பிடிச்சார். சும்மா அடுக்கி வைக்கிறதில்லை, பழசைச் சரி பண்ணி ஓடவைக்கிறதுதான் அவரோட கிக்கே. இன்னொரு பக்கம், நவீன வசதிகளை ஒதுக்கி வாழ்கிற ஆமிஷ் மக்கள், இன்னைக்கும் ரிங்கர் மெஷினில் இன்ஜினை மாட்டித் துவைக்கிறாங்க. அவங்களுக்கு அது விண்டேஜ் இல்லை, அன்றாடம்.

இங்கே நிலைமை என்ன? கோவையில் ஜீடி கார் மியூசியம் இருக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் ரயில் மியூசியம் இருக்கு. பழைய கேமரா, ரேடியோ, கிராமபோன் சேர்க்கிறவங்களும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போனா கதவு, தூண், ஜாடி, எனாமல் தட்டு என்று ஒரு வீட்டையே வாங்கலாம். ஒருகாலத்தில் சென்னையில் மூர் மார்க்கெட் இருந்துச்சு. பழைய புத்தகம், பழைய பொருள் எதுவா இருந்தாலும் அங்கே கிடைக்கும்னு அப்பா இன்னைக்கும் பெருமூச்சு விடுவார். 1985-ல் அது தீயில் எரிஞ்சுபோச்சு. அந்த இடத்தில்தான் நாம தினமும் திருவள்ளூர் வண்டி பிடிக்கிற மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன் நிக்குது.

எனக்கு ஒரு சந்தேகம் ஃப்ரெண்ட்ஸ். கார், பைக், கேமரா, கைக்கடிகாரம்... நாம பத்திரப்படுத்துறதெல்லாம் ஊருக்கு முன்னாடி காட்டிப் பெருமைப்பட்ட பொருட்கள். தாத்தாவோட சைக்கிளைத் துடைச்சு எண்ணெய் போட்டு வைப்போம். ஆனா கொல்லைப்புறத்தில், பாத்ரூம் ஓரத்தில் யாரோ ஒருத்தரோட முதுகுவலியைக் குறைச்ச பொருள் இருக்கு பாருங்க... அதுதான் முதலில் எடைக்குப் போகுது. அது போறப்போ அந்த வலி இருந்ததுக்கான அடையாளமும் சேர்ந்தே போயிடுது. அப்புறம் ‘அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்ளோ ஸ்ட்ராங்கு’ன்னு நாமளே டயலாக் விடுவோம்.

18 டாலர் பெண்ணும் குயிலாப்பாளையமும்

எலன் எக்லின் என்ற பேரை எந்த சிலபஸிலும் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வாழ்ந்த கறுப்பினப் பெண். துணி பிழியும் ரிங்கர் ஒன்றைக் கண்டுபிடிச்சு, 1888-ல் அந்த உரிமையை ஒரு ஏஜென்ட்டிடம் வித்துட்டார். விலை... வெறும் 18 டாலர்! ஏன் வித்தீங்கன்னு கேட்டதுக்கு அவர் சொன்ன காரணம்தான் நெஞ்சைப் பிசையுது. ‘கறுப்பினப் பெண் கண்டுபிடிச்சதுன்னு தெரிஞ்சா வெள்ளைக்காரப் பெண்கள் வாங்க மாட்டாங்க’ என்பதுதான் அவர் பதிலின் சாரம். வாங்கினவங்க சம்பாதிச்சாங்க. அவர் பேரில் பேட்டன்ட்கூட இல்லை.

ரிங்கர் ஒண்ணும் சாதுவான ஜீவனும் இல்லை. மோட்டாரில் ஓடுகிற உருளைக்குள் விரல் மாட்டினா, கையை முழங்கை வரைக்கும் இழுத்துடும். குழந்தைங்க நிறைய பேர் மாட்டியிருக்காங்க. அந்தக் காயத்துக்கு டாக்டர்கள் ‘ரிங்கர் இஞ்சுரி’ன்னு தனிப் பேரே வெச்சாங்க. அதனால்தான் பிற்கால மாடல்களில், தட்டினா உருளைகள் சட்டுன்னு விலகிக்கிற பட்டை வந்துச்சு. நம்ம ரோலிங் மில்லில் சேஃப்டி ஆபீசர் முதல் நாளே ‘உருளை பக்கம் தொங்குற துணியோட போகாதே’ன்னு கத்தினாரே... அதே பாடம்தான். கரும்பு ஜூஸ் கடையில் துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்கிற தோழிகளுக்கும் சேர்த்துச் சொல்றேன்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு சீன் இருக்கு. விழுப்புரம் மாவட்டத்தில், ஆரோவில் பக்கத்தில் குயிலாப்பாளையம் என்ற கிராமம். டைசன் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்த நவ்ஜோத் சாவ்னி, அந்த வேலையை விட்டுட்டு இங்கே வந்து புகை குறைவான அடுப்புகள் தயாரிக்கிற வேலையில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் தினமும் மணிக்கணக்கா கையால் துவைக்கிறதைப் பார்த்து, ‘உங்களுக்கு ஒரு மெஷின் செஞ்சு தர்றேன்’னு வாக்குக் கொடுத்தார். 2018-ல் அதுக்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார். கரன்ட் வேண்டாம், கைப்பிடியைச் சுத்தினா போதும், டிரம் சுழலும். துவைக்கும், தண்ணியையும் வடிக்கும். ஈராக்கில் அகதி முகாம்கள் வரைக்கும் அந்த மெஷின் போயிருக்கு. மெஷினுக்கு அவர் வெச்ச பேர், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணோட பேர்... திவ்யா!

எலன் எக்லின் தன் பேரை மறைச்சுக்க வேண்டியிருந்துச்சு. 130 வருஷம் கழிச்சு, கைப்பிடி சுத்துற ஒரு மெஷினுக்குத் துவைக்கிற பெண்ணோட பேரையே வெச்சிருக்காங்க. சின்ன முன்னேற்றம்தான். ஆனா முன்னேற்றம்!

நம்ம அரசியலும் இதைக் கவனிக்காம விடலை. 2021 சட்டமன்றத் தேர்தலில், விலையில்லா வாஷிங் மெஷின் தருவோம்னு அ.தி.மு.க. தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருந்தாங்க. ஆட்சி அமையலை, மெஷினும் வரலை. ஆனா ஓட்டு கேட்கிற அளவுக்கு இந்த வலி பெரிசுன்னு புரியுதுல்ல?

ஆயா சுத்தின சுத்து

கும்மிடிப்பூண்டியிலிருந்து வீட்டுக்கு வந்த பாட்டி மெஷினுக்கு ட்ரீட்மென்ட் ஆரம்பமாச்சு. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, எமரி பேப்பரால் துருவைத் தேய்ச்சு, பல்சக்கரங்களுக்கு கிரீஸ் வெச்சேன். (ரப்பரில் மண்ணெண்ணெய் படக்கூடாது. உருளையைக் கழட்டிட்டுத்தான் இரும்பை ஊறவைக்கணும். எனக்கு ஒர்க்‌ஷாப் சார் போனில் திட்டிச் சொன்ன பாடம்.) மேல் உருளையில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்துச்சு. திருகைத் தளர்த்தாமலே வருஷக்கணக்கா விட்டா, ரப்பர் அழுந்தி அப்படி ஆகிடுமாம். சுத்தும்போது அந்த இடம் வந்தா மட்டும் ‘கடக்’னு ஒரு குலுக்கல். வயசானவங்களுக்கு மூட்டு சத்தம் வர்ற மாதிரி. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம், எதுவுமே ஒளிவுமறைவு இல்லை. எந்தப் பல் எந்தப் பல்லைத் தள்ளுது, எந்த ஸ்பிரிங் எங்கே அழுத்துது... எல்லாம் கண் முன்னாடி. ரெண்டு நாளா என்னைப் பார்த்துச் சிரிச்ச அந்தப் போர்டு மாதிரி இல்லை. ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதான் கேட்குது.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பழைய பெஞ்சில் மாட்டி, கீழே வாளி வெச்சு, ஊறின போர்வையோட ஒரு முனையை உருளை நடுவே நுழைச்சேன். அம்மா கைப்பிடியைப் பிடிக்கிறதுக்குள்ள, திண்ணையிலிருந்து ஆயா எழுந்து வந்துட்டாங்க. “நகரு... நான் சுத்தறேன்.”

சுத்தினாங்க. போர்வை மெதுவா உள்ளே போக, வாளியில் தண்ணி ‘சொளசொள’ன்னு கொட்டுச்சு. அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி தட்டையா போர்வை வந்துச்சு. நாங்க கைதட்டினோம். ஆயா மட்டும் சிரிக்கலை. வாளித் தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

“இது எந்த வருஷத்துது?”

“வருஷம் தெரியலை ஆயா. ஆனா இந்த மாதிரி பிழியற மெஷின் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்ப நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துருக்கு...” என்றவர், தன்னோட மணிக்கட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கிட்டாங்க. “ஆறு பிள்ளைங்க துணியப் பிழிஞ்சேன்டா. யாரும் இதச் சொல்லவே இல்லியே.”

எங்க யாருக்கும் பதில் தெரியலை. அடுத்த போர்வையை எடுத்து நீட்டினேன். வாங்கி, அதையும் சுத்தினாங்க.

உங்க வீட்டுக் கொல்லையிலும், பரண் மேலேயும் இப்படி ஏதாவது ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்கலாம். ஸ்பீக்கர் வேன் வர்றதுக்குள்ள ஒரு தடவை தூசி தட்டிப் பாருங்க. அது யாரோட கையைக் காப்பாத்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. ஒரு பேரீச்சம்பழத்தைவிட அந்தக் கதை இனிப்பா இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா எடை கூட.

ரிங்கர் ராசா ஆகணுமா? சில டிப்ஸ்!

* பழைய கட்டடங்களை இடிக்கிற இடங்கள், காயலான் கடைகளின் காஸ்டிங் குவியல்... தேட வேண்டிய இடங்கள் இவை. ‘கரும்பு மெஷின்’ என்று சொல்லித்தான் கேட்கணும். அப்போதான் புரியும்.

* ரப்பர் விரிசல் விட்டிருக்கா, பல்சக்கரத்தில் பல் உடைஞ்சிருக்கா என்று பாருங்க. துரு பிரச்னையே இல்லை. உடைஞ்ச வார்ப்பு இரும்பு ஃப்ரேம்தான் பிரச்னை. அதை வெல்டு பண்றது எல்லாராலும் முடியாது.

* வேலை முடிஞ்சதும் மேல் திருகைத் தளர்த்தி வைங்க. உருளை தட்டையாகாது.

* மோட்டார் வெச்ச பழைய மெஷின் கிடைச்சா, அவசரப்பட்டு பிளக்கில் சொருகாதீங்க. வயர் இன்சுலேஷன் உதிர்ந்திருக்கும். எர்த் கனெக்‌ஷனும் இருக்காது. அமெரிக்க மாடல்னா 110 வோல்ட் மோட்டாராத்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கணும்.

* கைப்பிடி சுத்துறவங்களும் துணி கொடுக்கிறவங்களும் பேசி வெச்சுக்கிட்டு வேலை பண்ணணும். வாண்டுகளைப் பக்கத்தில் விடாதீங்க.

* முக்கியமான பாயின்ட்: சட்டையைப் பிழியும்போது பட்டன்களை உள்பக்கமா மடிச்சுக் கொடுக்கணும். இது தெரியாம என் ஃபேவரிட் சட்டையைக் கொடுத்து, மூணு பட்டன் ‘டப் டப் டப்’. “நீ தானே உடைச்சே, நீயே தை”ன்னு அம்மா ஊசியைக் கையில் கொடுத்துட்டாங்க. இந்தக் கட்டுரையை முடிச்ச கையோட நூல் கோக்கப் போறேன்... வரட்டா?